ரிவால்வரைப் பற்றி விசாரிக்கப் போனேன்

கோபிச்செட்டிபாளையம் பக்கம் எதையும் விசாரிக்காமல் வாங்கமாட்டார்கள். மாடு வாங்குவதென்றால் பல்லைப் பிடித்துப் பார்ப்பதோடு விடமாட்டார்கள். விற்கிறவர் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி டீ குடிக்கிற சாக்கில் உட்கார்ந்து, "ஏனுங்க, அந்த மாடு உதைக்குமுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வருவார்கள். மாப்பிள்ளை விஷயமும் அப்படித்தான். (எங்க வீட்டுக்காரரைப் பற்றி எங்கள் சித்தப்பா அவர் படித்த ஹாஸ்டல் சமையல்காரர் வரைக்கும் போய் விசாரித்தார். "தங்கமான பையனுங்க, உப்பில்லாட்டிக்கூட ஒண்ணும் சொல்லாம சாப்புட்டுட்டுப் போவாப்புல" என்று நற்சான்று கிடைத்தது. கல்யாணம் முடிவாகிவிட்டது.) நல்ல பழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் துப்பாக்கி வாங்கும்போது மட்டும் இந்தப் பழக்கத்தைக் கடைப்பிடிக்கக் கூடாது. கடைப்பிடித்தவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் டல்லாஸ் பக்கம் ஒரு புறநகர் அபார்ட்மென்ட்டில் இருந்தோம். கல்யாணமாகி வந்த புதிது. அவர் பெயர் சண்முகம், ஆபீசில் ஷான். கன்சல்டன்ட் உத்தியோகம். திங்கட்கிழமை காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிகாகோவுக்குப் பறப்பார், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அழுக்குத் துணியோடு வந்து இறங்குவார். எனக்கு டிபெண்டன்ட் விசா. வேலைக்குப் போகக்கூடாது. குழந்தை இல்லை. பேச ஆள் இல்லை. டிவியில் பகல் முழுவதும் யாராவது யாரையாவது கொலை செய்து, அதை இன்னொருவர் கண்டுபிடித்துக்கொண்டிருப்பார். அதைப் பார்த்துக்கொண்டு வெங்காயம் உரிப்பேன். அதுதான் என் வாழ்க்கை.

அப்படி இருக்கும்போது எதிர் வீட்டில் பட்டப்பகலில் திருடன் புகுந்து டிவியையும் விசிஆரையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான். நான் இந்தப் பக்கம் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்திருக்கிறேன், ஒன்றுமே தெரியவில்லை. அன்றைக்கு அவர் போன் செய்தபோது விஷயத்தைச் சொன்னேன். குரல் கொஞ்சம் நடுங்கியிருக்கும் போலிருக்கிறது.

"பயமா இருந்தாச் சொல்லு கண்ணு. இந்தப் ப்ராஜெக்ட் முடியற வரைக்கும் கோபிக்குப் போயி அம்மாகூட இரு. டிக்கெட் போட்டர்றேன்" என்றார்.

நல்ல மனதோடுதான் சொன்னார். என் மாமியார் பொல்லாதவர் இல்லை. ஆனால் அமெரிக்கா போன மருமகள் தனியாகத் திரும்பி வந்தால் ஊர் சும்மா இருக்குமா? கல்யாண மண்டபத்தில் ஒருத்தர், "ஏன் கண்ணு, விசேஷமா?" என்பார். இல்லை என்று சொன்னால் இன்னொருத்தர் குரலைத் தாழ்த்தி, "அப்பறம் எதுக்கு அனுப்பிப்போட்டாங்க?" என்பார். அதற்கு மேல், இந்த மனிதரை வாரத்துக்கு இரண்டு நாள் பார்ப்பதே எனக்குப் பற்றவில்லை. அதையும் விட்டுவிட்டுப் போவதா?

"பயமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சும்மா சொன்னேன்" என்று போனை வைத்துவிட்டேன்.

வைத்த பிறகு ஒரு இடத்தில் உட்கார முடிந்ததா என்றால் இல்லை. கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் கதவைத் திறந்து பார்ப்பேன். பிறகு மறுபடி பூட்டினோமா என்று சந்தேகம் வரும். சோபாவை இழுத்துக் கதவுக்குக் குறுக்கே போடுவேன். தீப்பிடித்தால் எப்படி ஓடுவது என்று தோன்றும், திரும்ப இழுத்துப் போடுவேன். கார்ப்பெட்டில் சோபா நடந்த தடம் விழுந்துவிட்டது. ஃபிரிட்ஜ் முனகினாலும் யாரோ முனகுகிற மாதிரி இருந்தது.

இதை நான் சொல்லி அழுத ஒரே ஆள் பக்கத்து பிளாக்கில் இருந்த ஸ்டெல்லாக்கா. தூத்துக்குடிக்காரர், ஆஸ்பத்திரியில் நர்ஸ். யோசித்துப் பேசுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

"ஏ பிள்ள, இது டெக்சஸ்லா? எங்க வார்டுல பாதிப் பேரு ஹேண்ட்பேக்ல துப்பாக்கி வச்சிருக்காளுவ. நீயும் ஒண்ணு வாங்கிப் போடு. நான் கார் எடுத்துட்டு வாரேன்."

துப்பாக்கியா, நானா என்று சிரித்தேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, வாங்கினால் எங்கே வைப்பது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அரிசி டப்பாவுக்குள் வைத்தால் வெளியே எடுப்பதற்குள் திருடன் சாப்பிட்டுவிட்டே போய்விடுவான். தலையணைக்கு அடியில் வைத்தால் தூக்கத்தில் நானே போய்ச்சேருவேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம். முருகன் கையில் வேல் இருக்கிறதே, ஒன்றும் நினைத்துக்கொள்ளமாட்டார். காலையில் வாங்கலாம் என்று தோன்றும், காபி குடித்ததும் வேண்டாம் என்று தோன்றும், மத்தியானம் தபால்காரர் பெட்டியை டமால் என்று மூடினதும் மறுபடி வாங்கலாம் என்று தோன்றும்.

கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஸ்டெல்லாக்கா என்னை ஒரு அடகுக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நம்மூர் அடகுக் கடை மாதிரி நகை மட்டும் இல்லை. கிட்டார், துளை போடும் மெஷின், எவர் வீட்டுக் கல்யாண மோதிரமோ, எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் துப்பாக்கிகள். கடைக்காரர் ஆறரை அடி ஆள், ஆனால் பேச்சு வெண்ணெய். வார்த்தைக்கு வார்த்தை 'மேம்' போட்டார்.

இருக்கிறதிலேயே விலை குறைச்சலானது எது என்று கேட்டேன். ஒரு பழைய ரிவால்வரை எடுத்துத் துணி மேல் வைத்தார். மரப்பிடி தேய்ந்து பளபளத்தது, இரும்பில் அங்கங்கே கறுப்பு போயிருந்தது. விலை எங்கள் வீட்டு மைக்ரோவேவைவிடக் கம்மி.

நான் புடவைக் கடைக்குள் போன மாதிரி ஆகிவிட்டேன். வேறு கலர் இருக்கிறதா? கடைசி விலை என்ன? குண்டு ஒரு டப்பா சும்மா தருவீர்களா? வீட்டில் பிடிக்கவில்லை என்றால் மாற்றித் தருவீர்களா? அவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக இல்லை, மேம், இல்லை, மேம் என்றார். இதற்கு முன்னால் யாரிடம் இருந்தது, ஏன் விற்றார்கள் என்று கேட்டேன். அதற்கு மட்டும் மலர்ந்துபோய்ப் பதில் சொன்னார். இந்த ஊர்ப் போலீஸ்காரர்கள் வைத்திருந்ததாம். அவர்கள் புது மாடலுக்கு மாறியபோது பழையதையெல்லாம் தள்ளிவிட்டார்களாம்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் எடுத்து வையுங்க. என் வீட்டுக்காரர் வர்றதுக்குள்ள முடிவு சொல்றேன்" என்று போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

காரில் ஸ்டெல்லாக்காவுக்குக் கோபம். "என்னத்துக்குப் பிள்ள வெள்ளிக்கிழம? எடுத்துட்டு வர வேண்டியதுதான?"

"விசாரிக்காம எப்படிங்க்கா வாங்கறது?"

"யார்ட்ட விசாரிப்ப?"

"வச்சிருந்தவங்ககிட்டத்தான்."

ஸ்டெல்லாக்கா சிக்னலில் பச்சை விழுந்தும் காரை எடுக்காமல் என்னைப் பார்த்தார். பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

மறுநாள் நான் மட்டும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். வெறுங்கையோடு போகக்கூடாது என்று எள்ளுருண்டை பிடித்து ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டேன். (போலீஸ் ஸ்டேஷனுக்கு யாராச்சும் வெறுங்கையோட போவாங்களா?) பட்டுப்புடவை கட்டவில்லை, அந்த அளவுக்கு மூளை இருந்தது. கவுன்ட்டரில் டோனா என்று பெயர்ப் பட்டை குத்திய ஒரு பெண் ஆபீசர். டப்பாவை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, ஒரு துப்பாக்கி விஷயமாக வந்திருக்கிறேன், இது உங்களுக்கு என்றேன்.

அந்த அம்மா டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அன்பளிப்பு எதுவும் வாங்க முடியாது என்று ஒரு விரலால் திருப்பித் தள்ளினார். பிறகு எந்தத் துப்பாக்கி என்றார். நீங்கள் விற்ற பழைய ரிவால்வர், வாங்கலாமா என்று விசாரிக்க வந்தேன், அது நல்லதா, சுட்டால் உதைக்குமா என்று கேட்டேன். அவசரமா என்று கேட்டார். ஆமாம், வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் வருவதற்குள் கையில் இருக்க வேண்டும், அவருக்குத் தெரியக்கூடாது என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். என்னை ஒரு சின்ன அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மிருதுவான குரலில், "வீட்டில் நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். டெக்சஸுக்கு வந்து அதுவரைக்கும் என்னை யாருமே அந்தக் கேள்வி கேட்டதில்லை. ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள் எல்லாம் மாப்பிள்ளை நன்றாக இருக்கிறாரா என்றுதான் கேட்பார்கள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தேம்பித் தேம்பி அழுதேன். அழுகைக்கு நடுவில் அவர் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகத்தான் பதில் சொன்னேன். வீட்டுக்காரர் அடிப்பாரா? சீச்சீ, இல்லை. அப்புறம் ஏன் பயம்? தெரிந்தால் என்னை அனுப்பிவிடுவார். எங்கே? அவங்க அம்மாகிட்ட. வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு வருவார்? ஐந்தரைக்கு. விலாசம் என்ன? சொன்னேன். வந்தால் காபி போட்டுத் தருகிறேன் என்றும் சொன்னேன்.

ஒரு பெண் அப்படி அழுதுகொண்டே அடிக்கவில்லை என்று சொன்னால் போலீஸ்காரர்கள் எதை நம்புவார்கள் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு, அமெரிக்காக்காரங்க என்ன மரியாதை, என்ன மரியாதை என்று வியந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. அவர் வந்து டையைக்கூட அவிழ்க்கவில்லை, கதவு தட்டப்பட்டது. திறந்தால் டோனாவும், கதவு நிலையில் தலை இடிக்கிற உயரத்தில் இன்னொரு ஆபீசரும். என்னைச் சமையலறையில் போய் நிற்கச் சொல்லிவிட்டு, அவரை ஹாலின் அந்தக் கோடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். என் வீட்டுக்காரர் கரப்பான்பூச்சியைக்கூட பேப்பரில் ஏந்தி வெளியே விடுகிற ஜாதி. அப்போதுதான் அவருக்குக் கிரீன் கார்டு அப்ளை பண்ணியிருந்தார்கள். முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துவிட்டது.

"உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் ஏதாவது தகராறா?" என்று உயரமானவர் கேட்டார்.

"இல்லை, ஆபீசர். எங்களுக்குள் ஒரு பிரச்சினையும் இல்லை. ஷி ஈஸ் வெரி ஹாப்பி."

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. நான் எடுக்க ஓடினேன், டோனா கையை நீட்டித் தடுத்துவிட்டார். ஆன்சரிங் மெஷின் எடுத்துக்கொண்டது. அடகுக் கடைக்காரரின் வெண்ணெய்க் குரல் வீடு முழுவதும் வழிந்தது. "மேம், நீங்கள் எடுத்து வைக்கச் சொன்ன ரிவால்வர் பத்திரமாக இருக்கிறது. யோசித்துப் பார்த்தேன், நீங்கள் கேட்ட மாதிரி குண்டு ஒரு டப்பா சும்மா தருகிறேன். உங்கள் வீட்டுக்காரர் வருவதற்குள் முடிவு சொல்கிறேன் என்றீர்கள். வந்துவிட்டாரா?"

மெஷின் டொக்கென்று நின்றது. என் வீட்டுக்காரர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"எனக்கா?" என்றார்.

ஒரே ஒரு வார்த்தை. அதைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே.

"உங்களுக்கு எதுக்குங்க? திருடனுக்குங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க. எதிர் வீட்டுல திருடன் வந்ததுல இருந்து நான் கண்ண மூடலீங்க. பயம்னு சொன்னா நீங்க ஊருக்கு அனுப்பிப்போடுவீங்க. நான் போகமாட்டேன். உங்கள உட்டுப்போட்டு நான் போகமாட்டேன்."

டோனா அவரிடம், நான் சொன்னதை இங்கிலீஷில் சொல்லச் சொன்னார். பாவம், அந்த மனிதர் டையைப் பிடித்துக்கொண்டு ஒரு வரி விடாமல் சொன்னார். திருடன் என்றார், பயம் என்றார். கடைசி வரியைச் சொன்னதும் என் பக்கம் திரும்பினார். பிறகு போலீஸை மறந்துவிட்டு என்னிடமே தமிழில் பேசினார். "நான் மட்டும் என்ன, அங்க நிம்மதியாத் தூங்கறனா? நீ இங்க தனியாக் கெடக்கறயேன்னு ராத்திரியெல்லாம் ஹோட்டல் ரூம்ல சீலிங்கத்தான் பாத்துக்கிட்டிருக்கறேன். அதுக்குத்தான் போன்னு சொன்னேன். நீ போனா இந்த வீட்டுக்கு நான் எதுக்கு வரணும்?"

உயரமான ஆபீசர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். டோனா என்னைத் தனியே கூப்பிட்டு, அடிப்பாரா என்று இன்னொரு முறை கேட்டுவிட்டு, பால்கனிக் கண்ணாடிக் கதவை ஆராய்ந்தார். விளக்குமாற்றுக் கட்டையை அளவாக அறுத்து, கதவு நகரும் காடியில் போட்டுவிட்டால் வெளியிலிருந்து யாராலும் திறக்க முடியாது என்றார். அவருக்குத் துப்பாக்கி வேண்டாமென்றோ வேண்டுமென்றோ எந்த அபிப்பிராயமும் இல்லை. சுடத் தெரியாமல் வாங்கக்கூடாது என்று மட்டும் சொன்னார். காபி குடித்தார்கள். எள்ளுருண்டையும் ஆளுக்கு இரண்டு சாப்பிட்டார்கள்.

அவர்கள் போனதும் என் வீட்டுக்காரர் முதல் வேலையாக விளக்குமாற்றை அறுத்தார். அடகுக் கடைக்கு நானே போன் செய்து வேண்டாம் என்றேன். கடைக்காரர் வருத்தப்படவில்லை, வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். உள்ளூரிலேயே வேலை கிடைக்க இவருக்குச் சில மாதம் ஆனது. அதுவரைக்கும் திங்கள் முதல் வியாழன் வரை ஸ்டெல்லாக்கா வீட்டில் தூங்கினேன். அவர் விடும் குறட்டைக்குத் திருடன் அந்தத் தெருவுக்கே வந்திருக்கமாட்டான்.

இப்போதும் நான் புதிதாக ஒரு கத்தி வாங்கி வந்தால், ஏன், சப்பாத்திக் கட்டை வாங்கி வந்தால்கூட, அவர் ஹாலில் இருந்தபடியே "எனக்கா?" என்பார். "அப்பா, ஸ்டாப் இட்" என்று எங்கள் பெண் தலையில் அடித்துக்கொள்வாள். வருகிற விருந்தாளிகள் எல்லோரிடமும் சாப்பாடு முடிந்த கையோடு இந்தக் கதையை அவர் சொல்லியாக வேண்டும். சொல்லி முடிக்கும்போது குரலில் ஒரு பெருமை வந்துவிடும்.

"மத்தவங்க சம்சாரமெல்லாம் கோவிச்சுக்கிட்டுத்தானுங்க ஊருக்குப் போகும். இவ ஊருக்குப் போகமாட்டேன்னு துப்பாக்கி வாங்கப் போனவ."