வெர்னா கடைப் பலகையில் யார் பெயர்?

"ஆள் ஊரை விட்டுப் போயிட்டா, அவரோட சாண்ட்விச்சும் கூடவே போயிடுமா?"

வெர்னா செட்லாசெக்கின் கடையில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி ஒருமுறை இப்படிக் கேட்டாள். அன்று கடையே சிரித்தது. இந்த ஜனவரியில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அயோவாவின் அந்தக் கல்லூரி ஊரில் வெர்னாவின் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. பன்றி இறைச்சியை பன்னைவிட இரண்டு மடங்கு அகலமாகத் தட்டி, ரொட்டித் தூள் புரட்டிப் பொரித்து வைக்கும் சாண்ட்விச்சுக்கு, கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணியில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் யாரோ அவன் பெயர்தான். ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் அதைத் தின்னத்தான் கூட்டம் வரும். வருஷம் முழுக்கக் கடை திறந்திருப்பது அந்த ஏழெட்டுச் சனிக்கிழமைகளின் புண்ணியத்தில்.

இப்போது குவார்ட்டர்பேக் ப்ராக்ஸ்டன், பெரிய கல்லூரி ஒன்று பெரிய தொகை காட்டியதும் மாறிப் போய்விட்டான்.

"அந்தத் துரோகி பேர்ல எனக்கு ஒண்ணும் வேணாம். முட்டை குடு போதும்" என்றார் டுவேன். ஓய்வுபெற்ற தபால்காரர். கடை திறக்குமுன்பே வந்து வாசலில் நிற்பவர்.

"சின்னப் பையன், டுவேன். அவனுக்காக ஜெபம் பண்ணு" என்றாள் வெர்னா.

"பண்றேன். அவன் எறியற பந்தெல்லாம் எதிராளி கையில விழணும்னு."

அடுப்படியிலிருந்து சமையல்காரர் லானி தலையை நீட்டினார். "முன்னெல்லாம் கல்லூரி மாறினா ஒரு வருஷம் ஆடாம உக்காரணும். போன தடவை கோச் மாறினாரே, அவர் உக்காந்தாரா? கேக் வெட்டி அனுப்பினோம். பையன் போனா மட்டும் வசவா?"

"நீ கறியைத் தட்டுப்பா" என்றார் டுவேன்.

வெர்னா உணவுப் பட்டியல் பலகையில் இருந்த ப்ராக்ஸ்டன் பெயரை அழித்து, புதிதாக வந்த குவார்ட்டர்பேக் டுப்ரியின் பெயரை எழுதினாள். அவனுக்கு இது மூன்றாவது கல்லூரி. எழுதிய மறுவாரமே அவனுடைய மாமா போன் செய்தார்.

"என் மருமகன் பேரு ஒரு வியாபாரச் சொத்துங்க. ஒரு சாண்ட்விச்சுக்கு இவ்வளவுன்னு பேசிக்கலாமா?"

"உள்ளே வைக்கிற ஊறுகாயை விடப் பேருக்கு விலை ஜாஸ்தியா இருக்கே!" என்று வெர்னா அதையும் அழித்தாள்.

"புது கோச் பேரை வை. பத்து வருஷ ஒப்பந்தம். எங்கயும் போக மாட்டார்" என்றார் டுவேன்.

அந்தப் பெயர் பலகையில் ஏறிய பதினோராவது நாள் கோச் போய்விட்டார்.

பலகைக்கே ஏதோ சாபம் என்று ஊர் பேச ஆரம்பித்தது. வெர்னாவுக்கு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாட்டின் நடுவே தெளிவு பிறந்தது. இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சாண்ட்விச்சைச் செய்கிறவர் யார்? மறுநாள் பலகையில் 'லானி' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். லானி அதைப் பார்த்துவிட்டு ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

செப்டம்பரில், இரண்டு ஆட்டம் முடிந்திருந்தபோது, அதே லானி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"கல்லூரியில ஆட்டக்காரங்களுக்குன்னே தனிச் சமையல்கட்டு திறக்கறாங்க, வெர்னா. என்னைக் கூப்பிடறாங்க. மருத்துவக் காப்பீடு உண்டு. என் பொண்டாட்டி முழங்காலுக்கு ஆபரேஷன்..."

"நீயுமா? சீசன் நடுவுலயா?"

"அன்னைக்கு ஜெயில்லேர்ந்து வந்து நின்னேன். ஊர்ல ஒருத்தரும் வேலை தரல. நீங்கதான் ஏப்ரனைக் குடுத்தீங்க. மறக்கல."

"போ, போ. எல்லாரும் போங்க" என்றாள் வெர்னா. சொன்ன பிறகு, பின்கட்டில் தனியாக நின்று அழுதாள். பலகையை அழிக்கப் போனவர்களை முறைத்தாள். பிறகு தானே அழித்தாள்.

புதிய சமையல்காரன் வெண்டல் நல்ல பையன். ஆனால் புதன்கிழமை அவன் பொரித்துத் தந்ததை டுவேன் தட்டில் தட்டிக் காட்டினார். டொக்கென்று சத்தம் வந்தது.

"இதுல ஆணி அடிச்சா கதவு ஆயிடும்."

சனிக்கிழமை வந்தால் மானம் போய்விடும், கடையும் போய்விடும் என்று வெர்னா வெள்ளி இரவு முழங்கால் போட்டு வேண்டினாள். காலை ஆறு மணிக்கு வந்து குளிர்பெட்டியைத் திறந்தால், தட்டுத் தட்டாகக் கறி. மெல்லிசாகத் தட்டி, தூள் புரட்டி, எண்ணெயில் போடத் தயாராக இருந்தது. வெள்ளிக்கிழமை கடை மூடுவது வெண்டல்தான். பையன் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து கற்றிருக்கிறான்!

அன்று கூட்டம் வாசலைத் தாண்டி நின்றது. அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. இடையில் வந்த புதன்கிழமை மட்டும் மறுபடி கதவு.

"இவனும் ஆட்டக்காரன் மாதிரிதான். சனிக்கிழமை மட்டும் ஆடறான்" என்றார் டுவேன்.

வெர்னா பலகையில் 'வெண்டல்' என்று எழுதினாள்.

"எனக்கு எதுக்கு மேடம்? சனிக்கிழமை எல்லாம் நீங்கதானே..." என்று பையன் இழுத்தான்.

"அடக்கம் நல்லதுதான். ஆனா பொய் சொல்லாதே" என்று அவன் கன்னத்தைத் தட்டினாள்.

விளைவு, கல்லூரிச் சமையல்கட்டிலிருந்து வெண்டலுக்கும் அழைப்பு வந்தது. வெர்னா பதறிப்போய்ச் சம்பளத்தை ஏற்றினாள். அவன் வெலவெலத்து, இன்னும் மும்முரமாகப் பொரித்தான். புதன்கிழமைகள் இன்னும் மோசமாயின. சனிக்கிழமைகளோ ஒவ்வொன்றும் முந்தையதை மிஞ்சின. எப்படியோ நவம்பர் வந்தது, கடைசி ஆட்டமும் முடிந்தது, கடை பிழைத்தது.

திங்கட்கிழமை, கல்லூரிச் சமையல்கட்டுக்கும் ரொட்டி போடும் வண்டிக்காரி மர்லிஸ் பன்களை இறக்கி வைத்தாள். வெர்னா காப்பி ஊற்றிக்கொண்டே பெருமூச்சு விட்டாள்.

"விசுவாசம்னு ஒண்ணு இந்தக் காலத்துல யார்கிட்ட இருக்கு, மர்லிஸ்? லானி சீசன் நடுவுல விட்டுட்டுப் போனான் பாரு, அதை மட்டும் என்னால மன்னிக்க முடியல."

 மர்லிஸ் சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"உங்க பின்கதவுச் சாவி. லானி குடுக்கச் சொன்னாரு. சீசன் முடிஞ்சுபோச்சாம், இனிமே சனிக்கிழமை விடியறதுக்கு முன்னாடி வந்து கறி தட்டி வைக்க வேண்டியதில்லையாம்."