நாற்பது கையெழுத்து

இந்த வருஷம் கடலைத் தாண்டியே தீருவது என்று கணவர் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சகலையோடு போன் பேசி வைத்த அடுத்த நிமிஷம். சகலை ஒரே ஒரு தடவை வெளிநாடு போய் வந்தவர். நான்கு நாள் போனதை நான்கு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். "உங்களுக்கென்ன சகலை, நிம்மதியா உள்ளூர்லயே இருக்கீங்க" என்று அவர் சொன்னதில், அந்த 'உள்ளூர்' மட்டும் கணவரின் காதில் முள்ளாகத் தங்கிவிட்டது.

"நான் போறேன்," என்றார், சமையலறை வாசலில் நிமிர்ந்து நின்று.

"பால் வாங்கவா?" என்றாள் மனைவி.

"வெளிநாட்டுக்கு!"

அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "யாரு கூட்டிட்டுப் போறாங்க?"

"விசில் மாஸ்டர்."

இப்போது கத்தி நின்றது.

தேவாலயத்துக்குப் பின்னால் இரண்டே அறையில் இயங்கும் சின்ன அறக்கட்டளை அவருடையது. இளைஞர்களை ஆறு மாதம் ஓடவிட்டு, குதிக்கவிட்டு, உடம்பைத் தேற்றுவார்கள். தேறிய உடம்புகளைக் கடல் கடந்து கூட்டிப்போய், பதினைந்து நாள் ஏதாவது ஓர் ஏழைப் பள்ளிக்கூடத்துக்குச் செங்கல் சுமக்க வைப்பார்கள். நடத்துகிறவர் ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர். ஜெபத்தில் 'ஆமென்' முடிவதற்குள் அவர் கை விசிலுக்குப் போய்விடும். அதனால் அந்தப் பெயர்.

இந்த முறை பன்னிரண்டு இளைஞர்கள் போகிறார்கள். துணைக்கு ஒரே ஒரு பெரியவர். அந்த ஒரு இடத்துக்குத்தான் கணவர் குறிவைத்திருந்தார்.

"அதுக்கு ஓடணுமேங்க," என்றாள் மனைவி. "மூணு கிலோமீட்டர், இருபது நிமிஷத்துக்குள்ள. நாற்பது நாள் ஓடி கார்டுல எழுதிக் கொடுக்கணும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அறிவிப்புப் பலகையில போட்டிருக்கு."

கணவர் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். அது அவரைவிட ஒரு எட்டு முன்னால் நின்றது. மாடிப்படி ஏறினாலே இரண்டாம் தளத்தில் நின்று இயற்கைக் காட்சி ரசிக்கிறவர் அவர். ஆனால் மூளைக்கு மூச்சு வாங்குவதில்லையே! பெரியவர்களுக்குத் தேர்வு ஓட்டம் கிடையாது, கார்டு போதும். பெரியவர்கள் பொய் எழுத மாட்டார்கள் என்று மாஸ்டருக்கு நம்பிக்கை. அதோடு, யாரும் தனியாக ஓடி மயங்கி விழக்கூடாது என்று ஜோடி விதி ஒன்று வைத்திருந்தார். ஒருவர் ஓட, ஒருவர் நேரம் பார்க்க, கார்டில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

"நாம ரெண்டு பேரும் ஒரு ஜோடி," என்றார் கணவர் குழைவாக. "நீ ஓடு. நான் பெஞ்சுல உட்கார்ந்து நேரம் பார்க்கறேன். கார்டுல மட்டும் நான் ஓடினதா இருக்கட்டும்."

"அது பொய்யில்லையா?"

"கல்யாணத்தன்னைக்கு போதகர் என்ன சொன்னார்? இனி ரெண்டு பேரும் ஒண்ணுன்னு சொன்னாரா இல்லையா? அந்த ஒண்ணு ஓடினா போதாதா?"

"அந்த ஒண்ணு சாப்பிட்டப்புறம் எனக்குத் தனியா பசிக்குதே?"

"வாதம் பண்ணாதே ம்மா."

அவள் கத்தியைக் கழுவி வைத்தாள். பிறகு, "சரி. கார்டை நானே போய் வாங்கிட்டு வர்றேன்," என்றாள்.

இவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் 'சரி' சொன்னதில்லை. புத்தியுள்ள கணவன் அங்கேயே உஷாராகியிருப்பான்.

மறுநாள் காலையிலிருந்து வீட்டுக்கு எதிர்ப் பூங்காவில் எட்டுச் சுற்று. அவள் ஓடினாள். இவர் பெஞ்சில் சாய்ந்து ஸ்டாப்வாட்சை அமுக்கினார். முதல் வாரம் இருபத்தெட்டு நிமிஷம். இரண்டாம் வாரம் இருபத்துநான்கு. "இன்னும் கொஞ்சம் வேகம்! என் பேரு கெட்டுடும்!" என்று கொட்டாவிக்கு நடுவே அதட்டுவார். ஓட்டம் முடிந்ததும் அவள் கார்டை அட்டையில் வைத்து நீட்டுவாள். அட்டையின் பெரிய கிளிப் கார்டின் தலையைக் கவ்வியிருக்கும்.

"இங்க போடுங்க."

போடுவார்.

ஒருநாள் பூங்காவின் கேட் பக்கம் விசில் மாஸ்டரின் தொப்பி தெரிந்தது. கணவருக்கு உயிரே போய்விட்டது. பாட்டில் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எழுந்து, நாய் மாதிரி மூச்சிரைத்தார். மாஸ்டர் தூரத்திலிருந்தே கட்டைவிரலை உயர்த்தி, "பிரமாதம் சார்! தொடருங்க!" என்று கத்திவிட்டுப் போனார். அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாக இறங்கியது.

நாற்பதாவது நாள் பத்தொன்பது நிமிஷம் ஐம்பது வினாடி. கார்டை அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். இவர் ஆபீசில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, சகலைக்குப் போன் போட்டார்.

அறிவிப்பு சனிக்கிழமை. தேவாலய மைதானத்தில் பன்னிரண்டு இளைஞர்களும் அவர்கள் வீட்டாரும் கூடியிருந்தார்கள். ஜெபம் முடிந்தது. விசில் அலறியது.

"ஒரு மாற்றம்!" என்றார் மாஸ்டர். "போன வருஷம் துணைக்கு வந்த பெரியவர் முதல் செங்கல் பக்கத்துலயே படுத்துட்டார். அவரைச் சுமக்கவே நாலு பையன்க வேண்டியிருந்தது. அதனால இந்தத் தடவை பெரியவங்களும் இங்கேயே, இப்பவே ஓடிக் காட்டணும்!"

கணவர் இரண்டடி பின்வாங்கினார். மனைவியின் கையைப் பிடித்தார்.

"எனக்குக் கால் சுளுக்குன்னு சொல்லு."

"எந்தக் கால்?"

"ரெண்டும்!"

"பேசாம உட்காருங்க. நான் பார்த்துக்கறேன்."

அவள் பல் டாக்டரின் வரவேற்பறையில் வேலை பார்ப்பவள். 'வலிக்கவே வலிக்காது' என்று தினமும் முப்பது பேரிடம் சொல்லிப் பழகிய குரல். கணவர் பல் பிடுங்க வந்தவர் மாதிரி நாற்காலியைப் பற்றிக்கொண்டார்.

மாஸ்டர் கார்டைத் தூக்கிப் பிடித்தார். கிளிப் இல்லாத கார்டு.

"நாற்பது நாள்ல ஒருநாள்கூடத் தவறல. ஓடியவர்... வாங்க சிஸ்டர்!"

மனைவி செருப்பைக் கழற்றினாள். பையிலிருந்து ஓட்டக் காலணி வந்தது.

"மாஸ்டர்!" கணவர் பாய்ந்து எழுந்தார். "அந்தக் கார்டு..."

"உங்களைத்தான் சொல்ல வந்தேன் சார். நாற்பது நாளும் நேரம் பார்த்தவர் நீங்க. இது உங்க கையெழுத்துதானே?"

இத்தனை நாள் கிளிப் மறைத்திருந்த உச்சியில் 'ஓடியவர்' என்ற கட்டத்துக்குக் கீழே அவள் கையெழுத்து, நாற்பது. 'நேரம் பார்த்தவர்' கட்டத்துக்குக் கீழே இவருடையது, நாற்பது. ஆபீசில் ஒரு காற்புள்ளியைக்கூட விடாமல் படித்த பிறகே பேனாவைத் திறக்கிறவர்! போதகர் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு இளைஞர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'இல்லை, பொய் எழுத வேண்டியவன் நான்' என்று சொல்லவா முடியும்?

"ஆமா," என்றார். "என்னோடதுதான்."

பிறகு மனைவி பக்கம் குனிந்து கிசுகிசுத்தார். "உன்கிட்ட பாஸ்போர்ட்டே இல்லையே!"

"போன மாசம் வந்துச்சே. தபால்காரர்கிட்ட கையெழுத்துப் போட்டு வாங்கினதே நீங்கதான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"போன வருஷம் சொன்னேன். நான் போகட்டுமான்னு கேட்டேன். நீங்க பேப்பரைத் திருப்பிட்டீங்க." அவள் நாடாவை இறுக்கிய காலணியின் ஓரம் தேய்ந்து பிய்ந்திருந்தது. அதை இவர் பார்த்தார். நாற்பது நாளில் அவளை அவர் உருப்படியாகப் பார்த்தது அப்போதுதான்.

"இருபது நிமிஷத்தைத் தாண்டினா," என்றார் மாஸ்டர், "ஜோடியில மத்தவருக்கு வாய்ப்பு. சார் ஓடுவார்."

விசில்.

கணவர் கையில் ஸ்டாப்வாட்சைத் திணித்தார்கள். நாலாவது சுற்றுவரை, அவள் தோற்கவேண்டும் என்று நெஞ்சின் ஒரு மூலை ஆசைப்பட்டது. ஐந்தாவது சுற்றில்தான் உறைத்தது. அவள் தோற்றால் அடுத்து ஓடவேண்டியது யார்? ஊர் பார்க்க, இந்த வயிற்றோடு, எட்டுச் சுற்று!

ஏழாவது சுற்றில் அவள் காலணி நாடா அவிழ்ந்தது. குனிந்தாள். பதினாறு நிமிஷம் நாற்பது.

"விடு! கட்டாதே! ஓடு ம்மா!" கணவர் மைதானத்தின் ஓரமாகத் தாமும் ஓடினார். "கையை வீசு! மூச்சை விடு! பத்தொன்பது ஆச்சு! என் ராசாத்தி, ஓடு!"

பத்தொன்பது முப்பது. நாற்பது. ஐம்பது. அவள் கோட்டைத் தாண்டி மண்ணில் உட்கார்ந்தாள். கணவர் பொத்தானை அமுக்கிவிட்டுப் பக்கத்திலேயே விழுந்தார்.

"பத்தொன்பது... ஐம்பத்தாறு."

மைதானம் கைதட்டியது. மாஸ்டர் கண்ணைத் துடைத்தார். "இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பார்!" என்றார் போதகர்.

போகிற பன்னிரண்டு பேரில் ஒருத்தி ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள். "அக்கா, நீங்க பதினஞ்சு நாள் எங்களோட வந்துட்டா வீட்டுல துவைக்க, பெருக்க, சமைக்க ஆள் வேணாமா?"

மனைவி ஒரு வாய் குடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "அதுக்குத்தானே இவரு முன்கூட்டியே ஆபீஸ்ல பதினஞ்சு நாள் லீவு வாங்கி வச்சிருக்கார்!"