மில்லு அத்தையின் சிவப்புக் கோடுகள்

பிள்ளைகளா, ஒரே ஒரு சாக்பீஸை வைத்துக்கொண்டு ஒரு தெருவையே நடுநடுங்க வைத்தவர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் பேகம்பூர் மில்லு அத்தை. மாவு மில் வைத்திருப்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயரைக் கேட்டால் தபால்காரரே செத்த நேரம் யோசிப்பார்.

அறுபத்திரண்டு வயதில் அத்தைக்கு மார்பில் புற்றுநோய். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் வலது கை தோளுக்கு மேலே ஏறவில்லை. அரைக்கிற மெஷினின் வாயோ அத்தையின் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. கை ஏறாவிட்டால் மில்லை மூட வேண்டியதுதான்.

"தினமும் அரை மணி நேரம் நடங்கம்மா. சுவத்துல விரலை எறும்பு மாதிரி மேல ஏத்துங்க. எட்டுன எடத்துல ஒரு கோடு போட்டு வைங்க" என்றார் டாக்டர்.

வேறு யாராக இருந்தாலும் தன் வீட்டுச் சுவரில் கோடு போட்டிருப்பார்கள். "ஒரே சுவத்தை எம்புட்டு நேரந்தான் மொறைச்சுக்கிட்டு நிக்கிறது?" என்று அத்தை இரண்டு வேலையையும் ஒன்றாக்கிவிட்டார். தெரு எழுந்திருக்கும் முன்பே நடை. வழியில் வருகிற சுவரிலெல்லாம் விரலை ஏற்றி, எட்டிய இடத்தில் சிவப்பு சாக்பீஸால் ஒரு கோடு.

ஒரே வாரத்தில் தெரு முழுக்கக் கோடுகள். "ரோட்டை அகலமாக்கப் போறாங்க! கோடு போட்ட வீட்டையெல்லாம் இடிப்பாங்களாம்!" என்று பேக்கரிக்காரர் கிளப்பிவிட்டார். அதோடு நிற்காமல், இடிக்க வருகிறவர்களை முந்திக்கொண்டு கடை வாசல் தகரக் கூரையைத் தானே கழற்றிக் கீழே வைத்தார். நான் மட்டும் என்ன? வீட்டுப் பத்திரத்தைத் தேடி பீரோவையே கவிழ்த்துவிட்டேன்.

மறுநாள் காலை, பேக்கரிச் சுவரிலேயே அத்தை கையும் சாக்பீஸுமாகப் பிடிபட்டார்.

"யக்கா, நீங்களா? எந்த ஆபீசுல அனுப்புனாங்க?" என்றார் பேக்கரிக்காரர்.

"ஆபீசாவது ஒண்ணாவது! இது என் கை ஏறுன ஒசரம்ப்பா. நேத்து மூக்கு மட்டம், இன்னைக்கு நெத்தி. பாரு!"

பேக்கரிக்காரர் கோட்டைப் பார்த்தார். கழற்றிய தகரத்தைப் பார்த்தார். "வெயில்ல என் பன்னெல்லாம் காயுதேக்கா!" என்றவர், சாக்பீஸைப் பிடுங்கி, அத்தையின் கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே இன்னொன்று போட்டார். "நாளைக்கு இதைத் தொடாம இங்கிட்டிருந்து நகரக்கூடாது, ஆமா!"

பிறகென்ன, தெருவே கோடு போட ஆரம்பித்துவிட்டது. அத்தை தொடுகிற வீட்டில் கைதட்டல், தொடாத வீட்டில், "நாளைக்கு வாங்க, சுவரு எங்கயும் போயிறாது!" என்று கேலி.

மூன்றாம் மாதம் ஒரு காலையில் மில் ஓடும் சத்தம் கேட்டது. எல்லோரும் ஓடினோம். அத்தை ஒரு படி அரிசியைத் தலைக்கு மேலே தூக்கி மெஷினின் வாயில் கொட்டிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் மாவு, வாயெல்லாம் பல்.

கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் ஐந்து கிலோ அரிசியை ஐந்து சின்னப் பைகளில் கட்டித்தான் மில்லுக்குக் கொண்டு போகிறேன்.

"ஏலே, ஒங்க வீட்ல பெரிய பையே கெடையாதா?" என்று அத்தை ஒவ்வொரு முறையும் கேட்கிறார்.

"இல்ல அத்தை" என்று நானும் ஒவ்வொரு முறையும் பொய் சொல்கிறேன்.