எட்டு டப்பாவுக்கு ஒரு பட்டியல்

'வழிபோட்டவர்' என்றொரு மனித ரகம் உண்டு. நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். சுவரில் எங்கேயாவது ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தால், அதற்குப் பக்கத்தில் நின்று, அதைப் படிக்காமல் போகிறவர்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருப்பார். குடை வைக்கத் தனி மூலை, சாவி மாட்ட எண் போட்ட ஆணி, செருப்பு விடத் தரையில் ஒரு கோடு, ரிமோட்டுக்கு ஒரு பெட்டி, அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒரு சீட்டு என்று உலகம் முழுவதற்கும் வழி போட்டுக்கொண்டே போவார். வழியே இல்லாத இடத்தில் விட்டாலும் நிம்மதியாக இருப்பார். தாம் போட்ட வழியில் ஆள் நடக்கவில்லை என்றால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

நடப்பார்களா? மாட்டார்கள்.

இந்த ரகத்தை நான் தூரத்தில் இருந்து ஆராய்ந்ததாக நினைக்க வேண்டாம். ஒருவர் என் வீட்டிலேயே இருக்கிறார். என் மகளைக் கட்டிக்கொண்டு பதினாறு ஆண்டு, நான்கு மாதம் ஆகிறது. தங்கமான மாப்பிள்ளை. அதனால்தான் தைரியமாக எழுதுகிறேன்.

எங்கள் அடுக்களையில் எட்டு டப்பாக்கள். எட்டும் ஒரே உயரம், ஒரே நிறம், ஒரே மூடி. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து மாப்பிள்ளை அவற்றுக்கு எண் ஒட்டினார். எந்தப் பொருள் எந்த எண்ணில் என்று அகரவரிசையில் பட்டியல் எழுதினார். அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் மாட்டினார். மறுநாள் காலை என் மகள் சர்க்கரை எடுக்க வந்தாள். பட்டியல் பக்கம் திரும்பவே இல்லை. முதல் டப்பாவைத் திறந்தாள், மூடினாள். இரண்டாவதைத் திறந்தாள், மூடினாள். மூன்றாவதில் சர்க்கரை.

"பட்டியல்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார் மாப்பிள்ளை.

"இருக்கே. அழகா இருக்கு."

"அதைப் பாத்திருந்தா நேரா மூணாம் நம்பருக்குப் போயிருக்கலாம்."

"ஏங்க, மொத்தமே எட்டு டப்பா. ஃப்ரிட்ஜ் வரைக்கும் போயி, கண்ணாடியைத் தேடி மாட்டி, அந்தப் பொடி எழுத்துல சர்க்கரையைக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள நான் காபி குடிச்சு டம்ளரையும் கழுவி வச்சிருப்பேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா மாமா? மதிக்கல." வழிபோட்டவர்களுக்கென்று ஒரு கொடி இருந்தால் அதில் இந்த ஒரு சொல்தான் எழுதியிருக்கும்.

சரி, வீட்டை விடுங்கள். வேலைக்கு வருவோம். மாப்பிள்ளை ஒரு மருத்துவமனையில் டேட்டாபேஸைக் கவனித்துக்கொள்கிறார். நோயாளிகளின் விவரமெல்லாம் அதில்தான். அதே மருத்துவமனையின் பதிவறையில் நான் முப்பத்தெட்டு ஆண்டுகள் இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் ஐந்து காலைகள் போகிறேன். பழைய அட்டைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். ஏறியது சரியா என்று ஒத்துப்பார்ப்பது என் வேலை. யார் எந்த நாளில் அந்தக் கம்ப்யூட்டரில் எதைத் தொட்டார்கள் என்று ஒரு பதிவேடும் வைத்திருக்கிறேன். வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேட்டா வைப்பார்கள்?

நோயாளி வந்து தொலைபேசி எண்ணைச் சொன்னால், அவர் விவரம் திரையில் வர வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் கண் சிமிட்டும் நேரத்தில் வந்தது. பிறகு கொட்டாவி விடும் நேரத்தில் வந்தது. இந்த மாதம் நாற்பத்தொரு நொடி. இருபது தடவை நிறுத்துகடிகாரம் வைத்துப் பார்த்தேன். சராசரி நாற்பத்தொன்று புள்ளி மூன்று. பதிவு மேசையில் இருக்கும் அம்மாளை எல்லோரும் டோக்கன் அக்கா என்பார்கள். அவர் சும்மா இருப்பாரா?

"சார், உங்க மெஷின் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள இங்க ஒருத்தருக்குக் காய்ச்சலே விட்டுடுச்சு. அவரு வீட்டுக்குப் போறாராம், அனுப்பிடவா?"

மாப்பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. ஏனென்றால், அந்தத் தேடலுக்கு அவர் ஏற்கெனவே வழி போட்டிருந்தார். அதற்கு இண்டெக்ஸ் என்று பெயர். பெரிய புத்தகத்தின் கடைசியில் 'எந்தச் சொல் எந்தப் பக்கத்தில்' என்று போடுவார்களே, அதுபோலத் தொலைபேசி எண்களை வரிசைப்படுத்தி, யார் எங்கே என்று காட்டும் பட்டியல். அதைப் பயன்படுத்துவதா, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒவ்வொன்றாகப் புரட்டுவதா என்று முடிவு செய்ய டேட்டாபேஸுக்குள் 'பிளானர்' என்று ஓர் ஆசாமி உண்டு. ஆசாமி என்றால் ஆள் அல்ல, நிரல்தான். ஆனால் மாப்பிள்ளை பேசுவதைக் கேட்டால் அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருக்கிறான் என்றே தோன்றும்.

"மாமா, வேணும்னே பண்றான். இண்டெக்ஸ் இருக்குன்னு அவனுக்குத் தெரியும். தெரிஞ்சும் எல்லாப் பக்கத்தையும் புரட்டிக்கிட்டு இருக்கான்."

ஒன்பது லட்சத்துப் பதினேழாயிரத்து நானூற்றாறு நோயாளிகள். ஒவ்வொரு தடவையும் அத்தனை பேரையும் புரட்டினால் நாற்பத்தொரு நொடி ஆகாமல் என்ன செய்யும்?

இப்படி ஒரு நேரத்தில் வழிபோட்டவர் என்ன செய்வார்? இன்னொரு வழி போடுவார். பழைய இண்டெக்ஸ் பக்கத்திலேயே இன்னொன்று போட்டு அதற்கு 'தொலைபேசி_புது' என்று பெயர் வைத்தார். பிளானர் சட்டை செய்யவில்லை. 'தொலைபேசி_புது2' வந்தது. 'தொலைபேசி_கடைசி' வந்தது. 'தொலைபேசி_இதுதான்_கடைசி' வந்தது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். நினைவகத்தைக் கூட்டினார். மேசையைத் தட்டினார். மருத்துவமனை வாசலுக்கு ஐந்து பாதை போட்டு, ஐந்திலும் விளக்கு வைத்த பிறகும் ஒருவன் சுவரேறிக் குதித்தே வருகிறான் என்றால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது அவருக்கு.

'இந்த இண்டெக்ஸைத்தான் பயன்படுத்த வேண்டும்' என்று பிளானரை அதட்டிவைக்க ஒரு வழி உண்டாம். அவரே சொன்னார். "அப்போ அதட்டிட வேண்டியதுதானே?" என்றார் டோக்கன் அக்கா.

"அதட்டி வர வைக்கிறதெல்லாம் ஒரு மரியாதையா? தானா வரணும்."

கவனியுங்கள். வேலை நடந்தால் போதும் என்று நினைப்பவர் வேறு ரகம்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து ஐந்துக்குக் கண்காணிப்பாளர் அம்மாள் பதிவு மேசைக்கு வந்தார். வரிசை வாசலைத் தாண்டி வண்டி நிறுத்தும் இடம்வரை நின்றது. ஒரு நிமிடம் பார்த்தார். "வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள மூணு செகண்டுக்குக் கீழ வரணும். வரலைன்னா சனிக்கிழமை காலைல நீங்க எல்லாரும் வந்து, கீழ கிடங்குல போட்ட பழைய அட்டைகளைப் பெட்டியோட திரும்ப மேல ஏத்துங்க. பழையபடி கையாலயே தேடிக்கலாம்" என்றார்.

சனிக்கிழமை! மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அன்று காலை ஒன்பது மணிக்கு என் பேத்திக்கு எண்ணூறு மீட்டர் ஓட்டம். சென்ற இரண்டு ஓட்டங்களுக்கும் அவர் போகவில்லை; ஒரு தடவை கம்ப்யூட்டர் படுத்துவிட்டது, ஒரு தடவை எழுந்துவிட்டது. அன்று மாலை சாப்பாட்டு மேசையில் பேத்தி நிதானமாகச் சொன்னாள்:

"அப்பா, இந்தத் தடவையும் நீ வரலைன்னா பரவாயில்ல. நான் கோபப்பட மாட்டேன். ஆனா இனிமே எதுக்கும் உன்னைக் கூப்பிடவும் மாட்டேன்."

கோபப்பட்டிருந்தால் தேவலை.

"அவ ஷூவோட அடி பிஞ்சு போச்சு. புதுசு வாங்கிட்டு வாங்க. அதையாவது செய்யுங்க" என்றாள் என் மகள்.

மறுநாள் மாப்பிள்ளை என்னிடம் வந்தார். "மாமா, பாப்பா ஷூ சைஸ் என்ன?" என் குறிப்பேட்டில் வீட்டில் உள்ள எல்லோருக்கும் பக்கம் உண்டு. புரட்டினேன். "மூணு." "மாமான்னா மாமாதான்!" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை மணி பதினொன்று பத்து. இன்னும் ஐம்பது நிமிடம். மாப்பிள்ளை பிளானரிடம் மறுபடியும் விளக்கம் கேட்டார். 'இந்தத் தேடலை எப்படிச் செய்யப் போகிறாய், ஏன்?' என்று கேட்டால் அது திரையில் எழுதிக் காட்டும். முதல் வரி வந்தது: முழுவதையும் புரட்டப் போகிறேன். மாப்பிள்ளை வழக்கம்போல நெற்றியில் அடித்துக்கொண்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். ஐந்து நாளாக இதேதான். முதல் வரியிலேயே மனம் புண்பட்டுவிடுவதால் இரண்டாவது வரிக்கு அவர் போனதே இல்லை.

தேநீர் கொண்டுவந்த டோக்கன் அக்கா திரையை எட்டிப் பார்த்தார்.

"சார், கீழ என்னமோ இருநூத்திப் பன்னெண்டுன்னு போட்டிருக்கே, அது என்ன?"

"அதுவா? மொத்தம் எத்தனை நோயாளி இருக்காங்கன்னு அவன் நினைச்சுக்கிட்டு இருக்கிற கணக்கு."

"இருநூத்திப் பன்னெண்டா? இன்னைக்குக் காலைல மட்டும் அவ்வளவு டோக்கன் குடுத்துட்டேன்! யாரு சார் அதுக்கு இப்படிச் சொல்லி வச்சது?"

மாப்பிள்ளையின் நாற்காலி மெல்லத் திரும்பியது. அந்த எண் எனக்குத் தெரியும். மூன்று ஆண்டுகளுக்கு முன் இந்தக் கம்ப்யூட்டரைத் தொடங்கிய முதல் நாள் பதிவானவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். கடைசியாக வந்தவருக்குக் கணுக்கால் சுளுக்கு.

"மாமா!" மாப்பிள்ளை எழுந்தே விட்டார். "இது எட்டு டப்பாதான்னு நினைச்சுக்கிட்டு இருக்கு!"

அவ்வளவுதான் விஷயம். பிளானர் திமிர் பிடித்தவன் அல்ல. என் மகளைப் போலவே புத்திசாலி. இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு எதற்குப் பட்டியல், ஒரு புரட்டுப் புரட்டினால் போகிறது என்று நினைத்திருக்கிறான். அந்த இருநூறு பேர் ஒன்பது லட்சம் பேராகிவிட்ட செய்தியை அவனுக்குச் சொன்னவர் யாரும் இல்லை.

"ஆனா தினமும் விடிகாலைல அதுவா எண்ணிக்குமே! எவன் அதை நிறுத்தினான்?" என்று கத்தினார் மாப்பிள்ளை.

நான் பதிவேட்டைத் திறந்தேன். ஆறாம் பக்கம், தொடங்கியதற்கு மறுநாள், மாலை நான்கு இருபது. "எண்ணும் வேலை நிறுத்தப்பட்டது. காரணம்: பழைய அட்டைகளை ஏற்றும்போது இடைஞ்சல், பிறகு தொடங்கிக்கொள்ளலாம். நிறுத்தியவர்..."

"படிக்க வேணாம் மாமா."

டோக்கன் அக்கா தேநீரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

"இதை நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல மாமா?"

"நீங்க கேக்கல மாப்பிள்ளை." பதிவேடு கேட்டால் சொல்லும். கேட்காமல் சொன்னால் அது வம்பு.

எண்ணச் சொன்னார். எண்ணி முடிக்க ஒன்பது நிமிடம். பதினொன்று முப்பத்தெட்டுக்கு ஒரு தொலைபேசி எண்ணைத் தட்டினார். விரலை எடுப்பதற்குள் திரையில் ஆள். டோக்கன் அக்கா கைதட்ட, வரிசையில் நின்ற நோயாளிகளும் எதற்கென்று தெரியாமல் கைதட்டினார்கள். மாப்பிள்ளை மட்டும் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிளானர் எடுத்துக்கொண்டது முதன்முதலில் போட்ட பழைய இண்டெக்ஸை.

"பாத்தீங்களா மாமா? 'இதுதான் கடைசி'யைத் தொடக்கூட இல்ல. மதிக்கல."

சனிக்கிழமை எட்டரைக்கே மைதானத்தில் இருந்தோம். மாப்பிள்ளை முதல் ஆளாக வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேத்தி ஓடி வந்தாள். "வந்துட்டியா!" என்று அவர் வயிற்றில் ஒரு குத்து விட்டாள். புதுப் பெட்டியைத் திறந்தாள். ஷூவை எடுத்தாள். காலருகே வைத்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள்.

"அப்பா, இது எனக்கா, என் பொம்மைக்கா?"

"மூணுதானேம்மா உன் சைஸ்? தாத்தா குறிப்பேட்டுலயே இருக்கு!"

மூவரும் என்னைப் பார்த்தார்கள். புரட்டினேன். மூன்று. தெளிவாக, என் கையெழுத்தில், மூன்று. பக்கத்திலேயே தேதியும் இருந்தது. இரண்டு ஆண்டு, பதினோரு மாதம் ஆகியிருந்தது.

"கால் வீட்டுலதானேப்பா இருந்துச்சு? எட்டிப் பாத்தா என்ன?" என்றாள் என் மகள். சொல்லிக்கொண்டே தன் ஷூவைக் கழற்றி நீட்டினாள். பேத்தி மாட்டினாள். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. எப்போது அம்மா காலளவுக்கு வளர்ந்தாள்? எங்கள் இருவருக்கும் தெரியாது.

எட்டுப் பேரில் மூன்றாவதாக வந்தாள். கத்திக் கத்தி மாப்பிள்ளைக்குக் குரலே போய்விட்டது. என் மகள் புல்லில் வெறுங்காலோடு குதித்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே மாப்பிள்ளை வீட்டில் எல்லோருடைய காலையும் தாளில் வைத்துக் கோடு போட்டு அளந்து, கம்ப்யூட்டரில் அட்டவணையாக ஏற்றினார். மொத்தம் நான்கு பேர். அதற்கு ஓர் இண்டெக்ஸும் போட்டிருக்கிறார். நானோ என் குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் 'எண்ணிய தேதி' என்று சிவப்பு மையில் ஒரு கட்டம் வரைந்திருக்கிறேன். அதை யாரும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டாமா? மெனக்கெட்டு வரைந்திருக்கிறேனே!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இந்தப் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல் எனக்கு ஒன்று சொல்லுங்கள்: உங்கள் வீட்டுப் பிள்ளையின் காலளவு என்ன? பளிச்சென்று ஓர் எண் வந்ததல்லவா? நல்லது. அதைக் கடைசியாக எப்போது எண்ணினீர்கள்?