செத்துப் பிழைத்த சு. குற்றாலிங்கம்

படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. நாற்பது பக்க நோட்டில் முடிகிற வேலைக்கும் லேப்டாப்பைத் திறப்பார்கள். எனக்கு அது முற்றியிருந்த நேரத்தில்தான் அண்ணன் கல்யாணம் வந்தது.

தென்காசியில் வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்காக ஆர்டிஎஃப் தரவுத்தளத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எதையும் மூன்று துண்டாக எழுத வேண்டும்: இன்னார், மனைவி, இன்னார். இன்னார், ஊர், மேலகரம். சொந்தபந்தத்துக்கென்றே செய்தது போல இருந்ததால் குடும்பம் முழுவதையும் அதில் ஏற்றினேன். கருப்புத் திரையில் ஸ்பார்க்கிள் மொழியில் ஒரு கேள்வி தட்டினேன்: இறந்த நாள் இல்லாதவர்களை மட்டும் காட்டு. வந்த பட்டியலை ஊர்வாரியாகப் பிரித்து, பத்திரிகை வைக்கப் போகிறவர்களிடம் கொடுத்தேன். (என்ன மிதப்பு அப்போ!)

"எல்லாருக்கும் வச்சாச்சாட்டி?" என்றார் அப்பா.

"கம்ப்யூட்டர் சொன்ன அத்தனை பேருக்கும் வச்சாச்சுப்பா."

அப்பா கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் அச்சன்புதூர் குற்றாலிங்கம் பெரியப்பாவோடு, வரப்புத் தகராறில் நான்கு வருடமாகப் பேச்சில்லை. பத்திரிகை போய்ச் சேர்ந்தால் அண்ணன் மனது இளகும், ஒரு போனாவது வரும் என்று தினமும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பெரியப்பாவுக்குப் பதில் கோமதி பெரியம்மா ஆட்டோவில் வந்து இறங்கினாள். காப்பியைத் தொடவில்லை.

"ஊருக்கெல்லாம் பத்திரிகை வைக்கிய. எங்க வீடு மட்டும் கண்ணுக்குத் தெரியலையோ? அவிய வரலன்னா அங்கன இருந்து ஒரு குஞ்சு வராது, பாத்துக்கிடுங்க."

அப்பா என் பக்கம் திரும்பினார். நான் விடுவேனா? "லிஸ்ட்ல கண்டிப்பா இருக்கும் பெரியம்மா" என்று லேப்டாப்பை அவள் பக்கத்திலேயே வைத்துத் திறந்தேன். பட்டியலில் பெரியப்பா இல்லை. சரி, அவரைப் பற்றி உனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல் என்று கம்ப்யூட்டரைக் கேட்டேன். சொன்னது.

ஊர், மேலகரம். ஊர், அச்சன்புதூர். மனைவி, செண்பகம். மனைவி, கோமதி. அதற்குக் கீழே இறந்த நாள்.

மூடுவதற்குள் பெரியம்மா கண்ணாடி போட்டுப் படித்துவிட்டாள்.

"ஏட்டி, செண்பகம் என் ஓரகத்தில்லா! செத்தது அவ புருசன். எம்புருசனையும் சேத்துல்லா கொன்னுருக்க!"

எங்கள் குடும்பத்தில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர்தான். சுப்பையாவும் சுடலையும் அண்ணன் தம்பிகள். இருவரும் தலைப்பிள்ளைக்குத் தங்கள் அப்பா குற்றாலிங்கத்தின் பெயரையே வைத்தார்கள். ஆக இரண்டு சு. குற்றாலிங்கம். ஆளுக்கு ஊர்ப் பெயரைச் சேர்த்துக் கூப்பிடுவது குழந்தைக்குக்கூடத் தெரியும். நானோ இனிஷியலும் பெயருமே போதும் என்று அதையே அடையாளமாகக் கொடுத்திருந்தேன். அடையாளம் ஒன்றென்றால் ஆளும் ஒன்றுதான் கம்ப்யூட்டருக்கு. மேலகரத்துப் பெரியப்பாவின் சாவு அச்சன்புதூர்ப் பெரியப்பா மேல் ஏறிவிட்டது. எனக்கு வராத இந்தத் துப்பறியும் வேலையை, தையல் மிஷினைத் தவிர வேறு மிஷினைத் தொடாத பெரியம்மா ஒரு பார்வையில் முடித்துவிட்டாள்.

சாரலில் அச்சன்புதூர் போனோம். அப்பா கையில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகைத் தட்டு. பெரியம்மா போனிலேயே எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். பெரியப்பா நாற்காலியை விட்டு எழவில்லை, 'வாங்க' என்றும் சொல்லவில்லை.

"செத்தவனுக்கு எதுக்குப் பத்திரிகை? மொதல்ல என்னைய அதுல உயிரோட எழுப்பச் சொல்லு. பொறவு தட்டை நீட்டு."

அப்பா தட்டோடு நின்றுகொண்டிருந்தார். நான் தரையில் உட்கார்ந்தேன். இறந்த நாளை மட்டும் அழிக்கச் சொல்ல வேண்டும். எதை என்று குறிக்காமல் அழிக்கச் சொல்லிவிட்டேன். இரண்டு பெரியப்பாக்களும் மனைவி மக்கள் ஊரோடு சுத்தமாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

"என்னட்டி, எந்திச்சிட்டனா?"

"ஒரு நிமிசம் பெரியப்பா." (திரையை அவர் கண்ணில் படாமல் சாய்த்துக்கொண்டேன்.)

நல்லவேளை, பழைய நகல் ஒன்று இருந்தது. அதை ஏற்றி, பெயரோடு ஊரையும் சேர்த்து இரண்டு பேரையும் பிரித்து, பட்டியலை மறுபடி கேட்டேன். அப்பா தட்டைக் கை மாற்றிப் பிடிப்பது பாக்குச் சத்தத்தில் தெரிந்தது. பட்டியலில் இந்தத் தடவை ஒரு வரி கூடியிருந்தது. திரையைத் திருப்பினேன்.

பெரியப்பா விரல் வைத்துத் தன் பெயரைப் படித்தார். விரலை மேலும் கீழும் ஓட்டினார்.

"மேலகரத்தான எங்க?"

"அவிய... இதுல வரமாட்டாவ பெரியப்பா."

"ஆமா. அவன் இல்லல்லா." விரலைத் திரையிலிருந்து எடுத்தார். பிறகு அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். "ஏலே, எம்புட்டு நேரந்தான் நிப்ப? கை வலிக்கலையா? இங்க குடு."

அப்பா அழுதார். நானும்தான்.

இப்போது எந்தக் கல்யாணப் பந்தியிலும் பெரியப்பா உடனே இலையில் உட்காருவதில்லை. என்னைத் தேடி வந்து, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, "பாத்துச் சொல்லுட்டி, நான் இருக்கேனா?" என்பார். நான் போனைத் தட்டிப் பார்த்து, "இருக்கீங்க பெரியப்பா" என்று சொன்ன பிறகுதான் சாப்பாடு. மண்டபமே சிரிக்கும். நான் மட்டும் ஒவ்வொரு தடவையும், பதில் வந்த பிறகுதான் சிரிப்பேன்.