நெற்பயிரைத் தாக்கும் பூச்சிகள்: பதினேழாம் தொகுதி

கல்முனைக்குடி,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மச்சான் முபாறக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு எல்லோரும் நலம். தோஹா வெயிலில் நீங்கள் வாடிப்போகாமல் அல்லாஹ் காப்பானாக.

நிற்க. என் மகள், உங்கள் மருமகள் றிஸ்லாவின் சம்பந்தம் முடிவாகிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்! என் புத்தகங்களும் பிழைத்துவிட்டன. இரண்டையும் ஒரே நாளில் இழக்கப் பார்த்தேன், கேளுங்கள்.

மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள் என்றதும் உங்கள் ராத்தா, என் வீட்டுக்காரி பாஹிமா என் அலுமாரிக்கு முன்னால் வந்து நின்றாள். முப்பத்தைந்து வருடமாக நான் சேர்த்த மர்ம நாவல்கள், நீங்கள் அனுப்பிய புது மறுபதிப்புகள், எல்லாமாக நானூற்றுப் பன்னிரண்டு. "அட்டைக்கு அட்ட ரெத்தமும் கத்தியும் அரைகுற உடுப்புப் பொம்புளையும்! இதப் பாத்தா ஆரு மாப்புள தருவாங்க? எரிச்சுப் போடுங்க!" என்றாள். எரிக்க மனம் வருமா? கமநல சேவை நிலையத்தில் விவசாயிகளோடு இருபத்தெட்டு வருடம் உத்தியோகம் பார்த்தவன் நான். மூன்று நாள் உட்கார்ந்து அத்தனைக்கும் பழுப்புத் தாளில் உறை போட்டு, முதுகில் 'நெற்பயிரைத் தாக்கும் பூச்சிகள்' என்று எழுதி, தொகுதி எண்ணும் போட்டு அடுக்கினேன். அடுக்கி முடித்த பிறகுதான் யோசித்தேன்: நெல்லைத் தாக்க உலகத்திலேயே அத்தனை பூச்சி கிடையாது.

அது போகட்டும். மாப்பிள்ளையின் வாப்பா பக்கீர் முகைதீன், நாவிதன்வெளிப் பக்கம் இருபது ஏக்கர் வயல் செய்கிற போடியார். அது தெரிந்தும் என் மூளை வேலை செய்யவில்லை பாருங்கள்! மனுசன் அறையைப் பார்க்கவில்லை, கிணற்றைப் பார்க்கவில்லை, நேரே அலுமாரிக்குப் போய், "வயல் முழுக்கக் கபிலத் தத்திப் பூச்சி. மருந்தடிச்சும் கேக்கல்ல. இதுல என்ன போட்டிரிக்கி?" என்று பதினேழாம் தொகுதியை உருவிவிட்டார். "அது பழைய பதிப்பு..." எண்டு நான் இழுக்கிறன். பாஹிமா கதவுக்குப் பின்னால நிண்டு ஓதத் தொடங்கிட்டாள். றிஸ்லா பலகாரத் தட்டோட அப்படியே நிண்டுட்டாள், புள்ளைட முகத்தப் பாக்கேலாது. போடியார் ஒரு பக்கம் வாசித்தார், கதிரையை இழுத்துப் போட்டு இருந்து பத்துப் பக்கம் வாசித்தார். சம்பந்தம் போச்சு எண்டே முடிவு கட்டிட்டன் மச்சான்.

பிறகு கண்ணாடியைக் கழற்றி, மெதுவாக, "இந்தக் கத எங்கிட்டயும் இரிக்கி. கடைசிப் பதினாறு பக்கம் இல்ல. முப்பது வரிசமாத் தேடுறன். கொலைய ஆரு செஞ்ச, சொல்லுங்க?" என்றாரே பார்க்கலாம்!

"டொக்டர்ட பொஞ்சாதி," என்றேன்.

"நான் அப்பவே நெனச்ச!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு கல்யாணத் தேதியும் குறித்தாயிற்று. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்றைய வட்டிலப்பம் போல என் ஆயுளில் நான் தின்றதில்லை. இனி உறைகளையெல்லாம் கழற்றிவிட்டு அலுமாரியைத் திறந்தே வைப்பேன்.

உங்கள் உழைப்பிலும் பிள்ளைகளிலும் பறக்கத் பெருக துஆச் செய்கிறேன்.

நிம்மதியாக மூச்சு விடும்,
உங்கள் மச்சான்
மு. ஆதம்லெவ்வை

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் போடியார் பாஹிமாவுக்குப் போன் எடுத்தார். நம்மூர் வழக்கப்படி கல்யாணத்தோடு இந்த வீடு றிஸ்லாவுக்குத்தானே, மாப்பிள்ளையும் இங்குதான் இருப்பார், நானும் பாஹிமாவும் பின்வளவு வீட்டுக்குப் போகிறோம். வேறு சீதனம் எதுவும் வேண்டாமாம். "வீட்டுல இரிக்கிற ஒண்ணையும் அசைக்க வேணாம், முக்கியமா அந்த அலுமாரிய. மகனப் பாக்க நான் வாராவாரம் வருவன்" என்றாராம். உங்கள் ராத்தா யோசிக்காமல் "ஓம்" சொல்லிவிட்டாள். மச்சான், இந்தச் சம்பந்தத்தை நிறுத்த ஏதும் வழி இருந்தால் பாஹிமாவுக்குத் தெரியாமல் உடனே எழுதவும்.