பின்வாசல் வழக்கில் ஜெயித்தவன் சம்பந்திக்கு எழுதுவது

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் சுகம். சுகம் என்று எழுதுவதுதான் முறை என்பதால் எழுதியிருக்கிறேன். உண்மை நிலவரம் கீழே வருகிறது. உங்கள் சர்க்கரையும் சம்பந்தியம்மாவின் ரத்தக் கொதிப்பும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். எதற்கும் இருவரும் உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

விஷயம் உங்கள் மகளைப் பற்றியது. மருமகள் என்ற முறையில் அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் குறையெல்லாம் அரசு வக்கீல் என்ற முறையில்தான். கல்யாணப் பேச்சின்போது, பெண் பூங்காக்களுக்கும் பாதுகாப்பு நிலங்களுக்கும் அரசு வக்கீல் என்று நீங்கள் சொன்னதும் நான் சிரித்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். பூங்காவுக்கு எதற்கு வக்கீல், மரம் யாரோடு மல்லுக்கட்டப் போகிறது என்று கேட்டேன். நீங்கள் காபியை ஆற்றினீர்கள். பதில் உங்களுக்கும் தெரியாது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அவள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் நான் ஆரம்பித்துவிடுவேன்: இன்றைக்கு யார்மேல் வழக்கு? அவளும் சளைக்காமல் சொல்வாள். ஒருவன் காட்டை ஒட்டிய தன் வேலியை வருஷத்துக்கு ஒரு சாண் உள்ளே தள்ளிக்கொண்டே போயிருக்கிறான். கேட்டால், செடிவேலி, அது தானாக வளர்கிறது என்கிறானாம். “வேலி நடக்குது மாமா, நாங்க பின்னாடியே அளந்துக்கிட்டுப் போறோம்” என்றாள். இன்னொரு பணக்காரர் ஏரிக்குப் படகு நன்கொடை கொடுத்துவிட்டு, படகு மிதக்கிற தண்ணீரிலும் தனக்கு ஒரு பாத்தியதை உண்டு என்று மனுப் போட்டிருக்கிறார். நான் ஒருமுறை அவள் ஆபீஸுக்கே போய்ப் பார்த்தேன். ஆணியில் கறுப்பு அங்கி தொங்குகிறது. அதற்கு நேர் கீழே சேறு காய்ந்த முழங்கால் பூட்ஸ். கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்தது ஒரு பழைய எல்லைக் கல். எந்த நிலத்தின் எல்லை என்று கேட்டேன். “அதுதான் மாமா இன்னும் யாருக்கும் தெரியல” என்றாள். அந்தக் கல்லை நினைத்து நான் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் என்பது உங்களுக்குத் தெரியும். பம்பு மோட்டார் வேலையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பிரித்துப் போட்டேன், புரிந்தது. சட்டமும் அப்படித்தான் என்று உங்கள் மகள் சொன்ன கதைகளைக் கேட்டே தெரிந்துகொண்டேன். அதில் எனக்கு ஒரு கையளவு ஞானம் வந்துவிட்டது என்று நான் நினைத்ததில் தப்பில்லை. இன்னமும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எங்கள் பின்சுவரை ஒட்டி அரசாங்கப் பூங்கா, அதில் ஒரு குளம், குளத்துக்கு அப்பால் பறவைகளுக்காக விட்டுவைத்திருக்கும் சதுப்பு நிலம். சுவரில் ஓர் இரும்புக் கதவு. அதைத் திறந்தால் குளத்தங்கரை பெஞ்சு கூப்பிடு தூரம். என் வீட்டுக்காரிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோன பிறகு, அவளுக்கு வெளியுலகம் என்று மிச்சமிருப்பது அந்தப் பெஞ்சு ஒன்றுதான். முன்பக்கமாகச் சுற்றிப் போனால் பெரிய சாலை, மேம்பாலம், அதற்குப் படிக்கட்டு, அவளால் ஆகாது. இப்படி இருக்கும்போது, பூங்கா எல்லையில் தனியார் வைத்திருக்கும் கதவுகளையெல்லாம் அடைக்க வேண்டும் என்று ஒரு நோட்டீஸ் வருகிறது. எந்தத் துறையிலிருந்து என்று கேளுங்கள். உங்கள் மகள் எந்தத் துறைக்கு வாதாடுகிறாளோ அதே துறையிலிருந்து.

நான் பதறவில்லை. வீட்டிலேயே வக்கீலை வைத்துக்கொண்டு பதறுவானேன்? ராத்திரிச் சாப்பாட்டின்போது நோட்டீஸை அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். முதல் வரியைப் படித்தாள், கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். ஏதோ எறும்பு கடித்ததோ என்று நினைத்தேன். “மாமா, இதை நான் தொடக் கூடாது. நீங்க எதிர்த்தரப்பு” என்றாள். மறுநாள் காலையில் முதல் வேலையாகத் தன் மேலதிகாரியிடம், இது என் மாமனார் வீடு, இந்தக் கோப்பு எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். கோப்பு தடிக்கண்ணாடி போட்ட இன்னொரு வக்கீலிடம் போய்விட்டது. நான் விட்டேனா?

“ஏம்மா, உன் கட்சிக்காரர் யாரு?”

“பொதுமக்கள், மாமா.”

“நான் பொதுமக்கள் இல்லையா?”

“நீங்களும்தான். அதுதான் சிக்கலே.”

“ஒரே வீட்டுல ஒரே அடுப்புல சமைச்சுச் சாப்பிடறோம். இதுல என்ன எதிர்த்தரப்பு?”

“அடுப்பு ஒண்ணுதான் மாமா. கோப்பு வேற.”

அன்றோடு சாயங்காலக் கதையும் நின்றது. என் வழக்கு முடிகிறவரை ஆபீஸ் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நடக்கிற வேலி எங்கே போய் நின்றது, படகுக்காரருக்குத் தண்ணீர் கிடைத்ததா, எதுவும் தெரியவில்லை. ஒரு மனுஷனை இப்படியா தொங்கலில் விடுவது? சாயங்காலம் வந்ததும் “வெயில் ஜாஸ்தி மாமா” என்பாள், “ஆமாம்” என்பேன், அவ்வளவுதான். என் மகனோ, “அப்பா, ரெண்டு பேருக்கும் நடுவுல என்னை இழுக்காதீங்க” என்று தலையணையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். நான் என் வாதத்தை உரக்கச் சொல்லிப் பார்க்க ஆரம்பித்தால், அவள் தட்டோடு எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். வாசலில் நின்று ஒரே ஒரு வாக்கியம் மட்டும் சொல்வாள்: “நல்ல வக்கீலாப் பாருங்க, மாமா.” முதல் தடவை சொன்னபோது பொறுத்துக்கொண்டேன். தினமும் சொன்னாள். என் திறமையைப் பற்றி அவள் அபிப்பிராயம் அதுதான் போலும் என்று எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது, நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே நானே ஆஜரானேன். விசாரணை அதிகாரி ஓர் அம்மாள்; பொறுமைசாலி. நோட்டீஸில் ‘தனியார் கதவு’ என்று இருக்கிறது அல்லவா, அங்கேதான் நான் பிடித்தேன். இது தனியார் கதவே இல்லை என்றேன். என் வீட்டுப் பக்கவாட்டுச் சந்து வழியாகத்தான் தெருவே பூங்காவுக்குப் போய்வருகிறது. நான் வீடு வாங்குவதற்கு முன்பே அங்கே ஒற்றையடிப் பாதை இருந்தது. நான் வைத்தது கதவு மட்டும்தான், பாதை ஊருடையது என்றேன். சாட்சிக்குப் பேப்பர் போடுகிறவர், பால்காரர், எதிர்வீட்டுப் பல் டாக்டர், மூன்றாவது வீட்டு டீச்சரம்மா என்று அரைத் தெருவையே கூட்டிக்கொண்டு போயிருந்தேன். உட்கார நாற்காலி போதாமல் பல் டாக்டர் ஜன்னல் திட்டில் உட்கார்ந்தார். உங்கள் மகள் அந்த அறைப் பக்கமே வரவில்லை. தடிக்கண்ணாடிக்காரர் எழுந்து நின்றார். பெரிய சண்டைக்குத் தயாராக நான் மேல்சட்டைக் கையை மடித்துவிட்டேன். அவரோ பல் வலிக்காரர் மாதிரி மெதுவாகக் கேட்கிறார்.

“அப்போ இது உங்க சொந்த வழி இல்ல. பொதுவழின்னு சொல்றீங்க.”

“ஆமா.”

“யாரையும் எப்பவும் தடுத்ததில்லை?”

“என் வாழ்க்கையில தடுத்ததில்லை.”

“இனிமேலும் தடுக்க மாட்டீங்க?”

“நான் யாரு தடுக்கிறதுக்கு?”

அதிகாரியம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “ஐயா, நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா? ஒரு வக்கீலைக் கேட்டுட்டு வரணும்னா வாய்தா தர்றேன்” என்றார். எல்லாரும் ஏன் என்னை வக்கீலிடமே துரத்துகிறார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. யோசனையெல்லாம் முடிந்துவிட்டது, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். தடிக்கண்ணாடிக்காரர், “துறைக்கு ஆட்சேபணை இல்லை” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். சம்பந்தி, நான் ஜெயித்துவிட்டேன். சாட்சிகள் கை தட்டினார்கள்.

ஜெயித்ததன் பலனைச் சொல்கிறேன். கதவு அடைபடவில்லை, அதை அடைக்க எனக்கும் உரிமை இல்லையாம். தெருவிலிருந்து குளம்வரை என் சந்து இப்போது பொதுவழி. சந்தில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டர், பூந்தொட்டி, துணி காயப்போடும் கொடி எல்லாம் ஆக்கிரமிப்பு என்று ஒரு மேஸ்திரி வந்து மரியாதையாக எடுத்து என் வரவேற்பறையில் வைத்துவிட்டுப் போனார். ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். என் முன்வாசலில் அம்புக்குறி போட்டு ‘பூங்காவுக்குச் செல்லும் வழி’ என்று பச்சைப் பலகை நட்டிருக்கிறார்கள். பக்கத்துத் தெரு, அதற்கும் அடுத்த தெரு, மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் என்று எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருகிறார்கள். விடியுமுன் கைதட்டிச் சிரிக்கும் கூட்டம் ஒன்று போகிறது, அது உடற்பயிற்சியாம். ஒருவர் என் காலிங் பெல்லை அழுத்தி, குளத்தில் கொசு அதிகம், என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று என்னைக் கேட்கிறார். ஒரு நாய் என் செருப்பில் ஒன்றைத் தூக்கிப் போனது. நாய்க்காரர் திரும்பி வந்து, பொதுவழியில் கிடந்தது எப்படி உங்கள் செருப்பாகும் என்று வாதாடினார். ஒரு நாள் ஒருவர் சமையலறை ஜன்னலுக்குள் தலையை நீட்டி, “இங்க டீ கிடைக்குமா?” என்றார். என் வீட்டுக்காரி போட்டும் கொடுத்துவிட்டாள்.

இதெல்லாம்கூடப் போகட்டும். எந்தப் பெஞ்சுக்காக நான் வழக்காடினேனோ அந்தப் பெஞ்சில் உட்கார இடமில்லை. என் சந்து வழியாக வந்தவர்கள் அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். தடியை ஊன்றிக்கொண்டு போனவள் பெஞ்சைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தாள். “என்னங்க, ஜெயிச்சீங்களா, தோத்தீங்களா, எனக்குச் சரியாப் புரியல” என்றாள்.

இப்படித்தான் ஆகும் என்று உங்கள் மகளுக்கு முதல் நாளே தெரியும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஒரு கண்ஜாடை காட்டியிருக்கக் கூடாதா? மேசைக்கடியில் காலை மிதித்திருக்கக் கூடாதா? ஒரு மாமனார் கண்ணைத் திறந்துகொண்டே கிணற்றை நோக்கி நடக்கும்போது, தான் எதிர்த்தரப்புக்கு ஆலோசனை சொல்லக் கூடாது என்று தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போகிற இந்த நேர்மையை எந்த வயதில், யாரைக் கேட்டுக்கொண்டு அவளுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள்?

ஆகவே என் முடிவு. நான் ஜெயித்த தீர்ப்பை எதிர்த்து நானே மேல்முறையீடு செய்யப் போகிறேன். அப்படி ஒரு வழக்கம் இல்லை என்று தடிக்கண்ணாடிக்காரர் சொன்னார். வழக்கம் இல்லையென்றால் நான் ஆரம்பித்து வைக்கிறேன். மனு எழுதி முடித்தாயிற்று. திங்கட்கிழமை கொடுக்கிறேன். தகப்பனார் என்ற முறையில் நீங்கள் செய்ய வேண்டியது, உங்கள் மகளை இந்தத் துறையிலிருந்து மாற்றல் வாங்கிக்கொள்ளச் சொல்வது. சாலைத் துறை, குடிநீர்த் துறை என்று எவ்வளவோ இருக்கின்றன. நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். உங்களுக்கே தோன்றியது மாதிரி சொல்லவும்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டுச் சின்னவர்களுக்கு ஆசிகள். எல்லாரும் நீண்ட ஆயுளோடும், சந்து இல்லாத வீட்டிலும் வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் சம்பந்தி.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஒரு விஷயம் நடந்துவிட்டது. மாற்றல் பேச்சை எடுக்க வேண்டாம். நேற்றுச் சாயங்காலம் உங்கள் மகள் வந்து எதிரில் உட்கார்ந்து, “வழக்கு முடிஞ்சுது மாமா, இப்பப் பேசலாம்” என்று தானாகவே ஆரம்பித்தாள். ஒரு பெரியவர் தன் மலையை, உச்சியில் இருக்கும் ஒரு மரம் நிழல் தரும்வரை பொதுமக்கள் அனுபவிக்கட்டும் என்று உயில் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். போன மாதம் காற்றில் அந்த மரம் சாய்ந்துவிட்டது. பேரன்கள் மலையைத் திருப்பிக் கேட்கிறார்கள். இவள் பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஏறிப்போய்ப் பார்த்தால், வேரிலிருந்து ஒரு துளிர், விரல் உயரத்துக்கு, இரண்டே இலையோடு. அப்புறம் என்னம்மா என்றேன். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரி மேல்முறையீட்டைப் பற்றி உளறிவிட்டாள். இவள் உடனே எழுந்துவிட்டாள். “மனுப் போடறீங்களா மாமா? அப்போ மீதியைச் சொல்லக் கூடாது.” சம்பந்தி, அந்த மலை யாருக்கு என்று தெரியாமல் நான் எப்படி இருப்பது? மனுவை நிறுத்தி வைத்திருக்கிறேன். இதை விட்டுக்கொடுத்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் மனுவில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பெஞ்சுக்கும் அவசரமில்லை: டீ குடித்தவர் இப்போது தினமும் என் வீட்டுக்காரிக்கு அதில் துண்டு போட்டு இடம் பிடித்து வைக்கிறாராம். நாளை மறுநாள் அந்த மலைக்கு என்னையும் கூட்டிப் போவதாக மருமகள் சொல்லியிருக்கிறாள். என் கால் அளவுக்குப் பூட்ஸ் தேடிக்கொண்டிருக்கிறேன். நீங்களும் யோசித்து மறுதபாலில் எழுதவும்: இரண்டு இலைத் துளிர் நிழல் தருமா, தராதா? யாருக்கு நிழல் என்று உயிலில் எழுதவில்லை என்பதை மட்டும் கவனத்தில் கொள்ளவும்.